நிலக்கரியைக் கலந்தால் சாம்பல் ஏன் பாறையாகிறது? விடைக்கு வழிகாட்டிய ஃபிரெடரிக் கத்ரி யார்?

அனல்மின் நிலையத்தில் இரண்டு வகை நிலக்கரி இருக்கு. தனித்தனியாக எரித்தால் பிரச்னை இல்லை. ஆனால், கலந்து எரித்தால் சாம்பல் உருகி, பாய்லர் குழாய்களின் மேல் பாறை மாதிரி ஒட்டிக்கொள்ளலாம். இதுதான் 'ஸ்லாகிங்'. வெப்பம் சரியாகத் தண்ணீருக்குப் போகாது. கட்டி பெருத்தால் யூனிட்டையே நிறுத்த வேண்டியதுதான்.

ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள ஒரு முக்கியமான சொல்லைத் தந்தவர், பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிரெடரிக் கத்ரி.

யார் இவர்?

1833-ல் லண்டனில் பிறந்தார். ஜெர்மனியின் மார்பர்க்கில் டாக்டர் பட்டம் பெற்றார். 1861 முதல் 1867 வரை மொரீஷியஸில் பேராசிரியர். பிறகு லண்டன் திரும்பி, ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் இயற்பியல் கற்பித்தார். மாணவர்கள் தங்கள் கருவிகளைத் தாங்களே செய்து பழக வேண்டும் என்பது அவர் பாணி. 1874-ல் லண்டன் இயற்பியல் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவரும் இவர்தான்.

என்ன கண்டுபிடித்தார்?

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். சரியான அளவு உப்பு சேர்த்தால் சுமார் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. இப்படிப்பட்ட உப்புக் கரைசல்களை ஆராய்ந்த கத்ரி, அடுத்து உலோகக் கலவைகளுக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான். தனித்தனியாக உருகுவதைவிடக் குறைந்த வெப்பத்தில் கலவை உருகியது. மிகக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலவைக்கு, 1884-ல் 'யூடெக்டிக்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் எளிதில் உருகுவது என்று பொருள். இரண்டே ஆண்டுகளில், 53 வயதில் மறைந்தார்.

பாய்லருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சாம்பலில் உள்ள சிலிக்கா உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அலுமினாவுக்கு 2,000, சுண்ணாம்புக்கு 2,500 டிகிரிக்கும் மேல். ஆனால், மூன்றும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தால் சுமார் 1,170 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும்! பாய்லர் உலைக்குள் இருக்கும் வெப்பம் இதைவிட அதிகம்.

இந்திய நிலக்கரிச் சாம்பலில் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும்தான். இறக்குமதியாகும் சில நிலக்கரிகளில் சுண்ணாம்பும் இரும்பும் அதிகம். இரண்டும் சேரும்போதுதான் சிக்கல் வரலாம்.

எப்படிக் கணிப்பது?

இரண்டு சாம்பல்களின் உருகுநிலைக்கும் சராசரி போட்டால் விடை தப்பாகலாம். 10 சதவீதக் கலப்பு பாதுகாப்பாக இருந்தது என்பதற்காக, 30 சதவீதமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால், கலந்த நிலக்கரியின் சாம்பலையே சின்ன கூம்பாகப் பிடித்து, சூடாக்கி, அது எப்போது வளைகிறது, எப்போது வழிகிறது என்று பார்க்கிறார்கள். சாம்பலின் வேதிக் கலவையை வைத்து கம்ப்யூட்டரிலும் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கின் அடியில் இருப்பது கத்ரி பெயர் வைத்த அதே யூடெக்டிக்தான்.