வேலை போன நேரத்தில் கிடைத்த தூக்கணாங்குருவி: சலீம் அலி பறவை பார்த்த கதை

பறவை பார்க்கணும்னா காடு, பெரிய கேமரா, விலை உயர்ந்த பைனாகுலர் எல்லாம் வேணும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் இந்தியப் பறவையியல் என்றதும் நினைவுக்கு வரும் சலீம் அலி, தனக்குப் பெயர் வாங்கித் தந்த ஆய்வைத் தங்கியிருந்த வீட்டுப் பக்கத்திலேயே செய்தார். அதுவும் கையில் வேலை இல்லாதபோது.

1896-ல் மும்பையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து தாய்மாமா வீட்டில் வளர்ந்தார். ஏர்கன்னால் குருவி சுடுவதுதான் பொழுதுபோக்கு. ஒருநாள் விழுந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் பெயரைச் சொன்னதோடு விடவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் பையனுக்குக் காட்டினார்.

அதோடு துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சுட்டு, பாடம் செய்து, அளந்து வைப்பதுதான் அன்றைய பறவை ஆய்வு.

ஆர்வம் சோறு போடவில்லை. பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்க்கப் போனார், சரிவரவில்லை. முறையான பட்டம் இல்லாததால் அரசு ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் வேலையும் கிடைக்கவில்லை. 1926-ல் மும்பை அருங்காட்சியகம் ஒன்றில் மாதம் 350 ரூபாய்க்கு விரிவுரையாளர் ஆனார். விடுப்பு எடுத்து பெர்லின் போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்று 1930-ல் திரும்பினால், அந்தப் பதவியே இல்லை. நிதி இல்லையாம். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மனைவி தெஹ்மினாவும் அவரும் அலிபாக் அருகே கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். அங்கே பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சலீம் அலி சுடவில்லை. உட்கார்ந்து பார்த்தார். நாள்கணக்கில் பார்த்தார், பார்த்ததைக் குறித்தார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆண் குருவி கூட்டைப் பாதிவரைதான் கட்டும். பெண் வந்து உள்ளே புகுந்து சோதிக்கும். பிடித்தால் தங்கும், அதன் பிறகே ஆண் மீதியை முடித்து, நீளமான நுழைவுக் குழாயையும் பின்னும். பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூடு அப்படியே அரைகுறையாகத் தொங்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும், ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும், அடுத்த பெண்ணுக்காக! 1931-ல் கழகத்தின் ஆய்விதழில் இது கட்டுரையாக வந்தது. செத்த பறவையை எத்தனை முறை அளந்தாலும் இது தெரிந்திருக்காது.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் இதே முறை போதும். பால்கனியோ மொட்டை மாடியோ, ஒரே இடம், காலையில் அரை மணி நேரம், ஒரு நோட்டு. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. அளவு மைனாவைவிடப் பெரிசா சின்னதா, அலகு எப்படி, என்ன சாப்பிட்டது, யாரை விரட்டியது என்று எழுதினால் போதும், பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். தினமும் வரும் காக்கையையும் விட்டுவிடக் கூடாது. தெரிந்த பறவைதானே என்று தாண்டிப் போகும்போதுதான் பல விஷயம் தப்பிவிடும்.

கிஹிமுக்குப் பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. பல பயணங்களில் கூடவே வந்த தெஹ்மினா 1939-ல் இறந்துபோனார். இரண்டு வருஷம் கழித்து, 1941-ல், சாதாரண வாசகர்கள் பறவைகளை அடையாளம் காண்பதற்கான ‘இந்தியப் பறவைகள்’ நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்கு 1976-ல் பத்ம விபூஷண். 1987-ல், 90 வயதில் காலமானார். அவர் பெயரிலான பறவையியல் ஆய்வு மையம் கோவை அருகே ஆனைக்கட்டியில் இருக்கிறது.