பழனிப் பாதையில் ஒற்றைப் பஸ்
ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை

வாணியம்பாடி கொடுத்து வைத்த ஊர். 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையைத் தொட்டது. பாலாற்றங்கரையில் பதனிட்ட தோல் ரயில் ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்குப் போயிற்று. வியாபாரம் பெருகியது. ஊரும் வளர்ந்தது.

எல்லா ஊருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா? ரயில் எட்டாத ஊர்கள் எத்தனையோ இருந்தன. அங்கெல்லாம் மாட்டு வண்டிதான் கதி. பிரசவத்துக்குத் துடிக்கும் பெண்ணும் சந்தைக்குப் போகும் விவசாயியும் மாட்டின் காலையே நம்பி இருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு சாலையில் 1920-ம் ஆண்டு ஒரே ஒரு பஸ்சுடன் இறங்கினார் ஓர் இளைஞர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கைப்பணத்தை எல்லாம் வியாபாரத்தில் இழந்தவர். அவர்தான் பின்னாளில் கோவையின் விஞ்ஞான மேதை என்று போற்றப்பட்ட ஜி. டி. நாயுடு.

மண்ணை வீசிய மாணவன்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. சிறு வயதிலேயே தாயை இழந்த துரைசாமி, மாமன் வீட்டில் வளர்ந்தார்.

படிப்பு ஏறவில்லை. குறும்பு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. கண்டித்த வாத்தியாரின் முகத்தில் மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடியவர் அவர் என்று கோவைப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். தொடக்கப் பள்ளியோடு அவருடைய படிப்புக்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

ஆனால் அறிவுப் பசி அடங்கவில்லை. தோட்ட வேலை பார்த்துக் கொண்டே தமிழ்ப் புத்தகங்களை வரவழைத்துப் படித்தார்.

ஓட்டல் வேலை ஏன்?

ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் கிராமத்துக்கு வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, தானாக ஓடுகிறதே ஒரு வண்டி! துரைசாமியின் உள்ளம் அதிலேயே சிக்கிக் கொண்டது. அதைப் போல் ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார்.

கையில் காசு கிடையாது. கோவைக்குப் போனார். ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். சாப்பாடு அங்கேயே கிடைத்ததால் சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்தார். ஆண்டுக் கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார். மீண்டும் மாட்டினார். மறுபடியும் கழற்றினார். அந்த வண்டிதான் அவர் படித்த பள்ளிக்கூடம். எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது, எது தேய்ந்தால் எது நிற்கும் என்பதை எல்லாம் கையாலேயே கற்றுக் கொண்டார்.

பஞ்சாய்ப் பறந்த பணம்

முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சுக்கு நல்ல கிராக்கி. நாயுடு திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழிலில் இறங்கினார். பணம் குவிந்தது. இன்னும் பெரிதாகச் சம்பாதிக்கலாம் என்று பம்பாய்க்குப் போனார். அங்கே பெரும் பஞ்சு வியாபாரிகளுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. சேர்த்தது அத்தனையும் கரைந்தது. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை அப்போது கோவையில் பெரிய தொழிலதிபர். மில்லும் பள்ளிக்கூடமும் நடத்தியவர். நாயுடுவின் கைத்திறமையையும் நாணயத்தையும் கண்டு, பஸ் வாங்க அவர் உதவினார். கடனில் கிடைத்த அந்த ஒற்றைப் பஸ்தான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது.

ஏன் அந்தப் பாதை? பொள்ளாச்சிக்கு ரயில் உண்டு. அங்கே பெரிய சந்தையும் உண்டு. ஆனால் முருகன் குடியிருக்கும் பழனிக்கு அப்போது ரயில் கிடையாது. திண்டுக்கல்லில் இருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது 1928-ல்தான். உடுமலைப்பேட்டை வழியாகச் சுமார் 40 மைல் தூரத்தையும் பக்தர்கள் நடந்தோ வண்டி கட்டியோ கடக்க வேண்டி இருந்தது. பஸ் ஓட்டினால் கூட்டத்துக்குக் குறைவிராது என்று நாயுடு கணக்குப் போட்டார். கணக்குப் பிசகவில்லை.

ஆள் வைக்கப் பணம் இல்லை. பஸ்சை ஓட்டியவரும் நாயுடுதான். பழுது பார்த்தவரும் அவர்தான்.

நேரம் தவறாத பஸ்

அந்தக் காலத்து பஸ்களுக்கு நேரம் காலம் கிடையாது. கூட்டம் சேர்ந்தால் புறப்படும். சேராவிட்டால் நிற்கும். பாதையில் இரண்டு முதலாளிகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். முந்திக் கொண்டு ஆள் பிடிக்கப் போட்டி போடுவார்கள். கட்டணமும் ஆளுக்கு ஏற்றபடி மாறும்.

காத்திருந்து ஆள் நிரப்புவது லாபம் போலத் தோன்றும். உண்மையில் அது நஷ்டம். எப்போது புறப்படும் என்று தெரியாத பஸ்சை நம்பி யார் கல்யாணத்துக்குப் போவார்கள்? யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? காலியாக இருந்தாலும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் பஸ்சுக்கு நாளடைவில் கூட்டம் தானாக வரும். இதை நாயுடு நன்றாக உணர்ந்திருந்தார்.

ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற ஸ்தாபனம் வளர்ந்தது. யு. எம். எஸ். என்ற மூன்று எழுத்து கோவை வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. 1930-களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. நாட்டிலேயே மிகத் திறமையாக நடந்த பஸ் கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

எண்ணிக்கையைவிடப் பெரியது ஏற்பாடு. பஸ் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் காட்டும் கருவியை நாயுடு அமைத்தார். டிக்கெட் கொடுக்க இயந்திரம் செய்தார். எஞ்சின் அதிர்வைச் சோதிக்கவும் ஒரு கருவி உண்டாக்கினார். நடுவழியில் நின்று போன பிறகு பழுது பார்ப்பதைவிட, நிற்கப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது மேல் அல்லவா?

கடல் கடந்த பயணம்

பஸ்சோடு அவர் ஆர்வம் நிற்கவில்லை. 1930-களில் ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றினார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். எப்போதும் காமிராவும் கையுமாக இருந்தார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்தார்.

மின்சார சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் உண்டாக்கிய பொருள்கள் பல.

இவற்றுள் கோவையின் தலையெழுத்தையே மாற்றியது மின்சார மோட்டார். பைக்காரா மின்சாரம் அப்போது கோவைச் சீமைக்கு வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறைக்க மோட்டார் தேவை. ஆனால் அது வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். 1937-ல் நாயுடுவும் தே. பாலசுந்தரமும் சேர்ந்து பீளமேட்டுத் தொழிற்சாலையில் மோட்டார் செய்து காட்டினார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று அது பெயர் பெற்றது.

கல்லூரியும் பிடிவாதமும்

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பில் இருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களின் உதவித் தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் பணம் ஒதுக்கினார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் என்ஜினீயரிங் கல்லூரியும் தோன்றின. பள்ளியை விட்டு ஓடிய பையன் 1945-ல் கல்லூரியின் பிரின்சிபால் ஆனார்!

ஆனால் அந்தப் பதவி நிலைக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. பட்டறையில் கைபடக் கற்றவருக்கு அப்படித்தான் தோன்றியது. சர்க்கார் ஒப்பவில்லை. இறங்கி வருவது அவர் சுபாவம் அல்ல. ராஜினாமா செய்து விட்டு வெளியேறினார். அவர் போனாலும் கல்லூரி நின்றது. இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவது அதுதான்.

1952-ல் இரண்டு பேர் போகும் சிறு காரைச் செய்தார். விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பமும் கார் வாங்கலாம் என்பது அவர் கனவு. சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. கனவு பட்டறையோடு நின்றது. நாட்டுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்!

பெயர் நின்றது

1972-ல் கோவையில் அரசின் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தனியார் நடத்திய பல பாதைகள் பொதுச் சொத்தாயின. வேலூர் வட்டாரத்துக்கும் பின்னர் தனிக் கழகம் வந்தது. பஸ் என்பது ஒரு முதலாளியின் வியாபாரம் என்ற நிலை மாறி, மக்களுக்குச் சர்க்கார் செய்யும் கடமை என்ற நிலை வந்தது. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி. டி. நாயுடு காலமானார். அவருக்கு வயது 80.

2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி. டி. நாயுடு பெயரைச் சூட்டினார்கள். பொருத்தமான மரியாதைதான்.

ஆனால் அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை வேறு ஒன்று உண்டு. இன்று வாணியம்பாடியில் இருந்து ஆம்பூர் செருப்புத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணும் பஸ்சைத்தான் நம்பி நிற்கிறாள். பஸ் பத்து நிமிஷம் தவறினால் அவளுக்கு வேலைக்கு நேரம் தவறும். பஸ் தனியாருடையதா, சர்க்காருடையதா என்பது அவள் கவலை அல்ல. சொன்ன நேரத்துக்கு வருமா என்பதுதான் அவள் கவலை. அந்தக் கவலையைத் தீர்ப்பதுதான் பஸ் தொழில் என்று, ஒற்றைப் பஸ்சோடு பழனிச் சாலையில் இறங்கிய நாளிலேயே நாயுடு தெரிந்து வைத்திருந்தார்.