கத்தி விழுங்குபவரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த டாக்டர்

1868-ம் ஆண்டு. ஜெர்மனியில் பிரைபர்க் என்ற ஊர். அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆளை அழைத்து வந்தார்கள். அவருக்கு நோய் எதுவும் இல்லை. கத்தி விழுங்குவது அவர் தொழில். நீண்ட வாளை வாய் வழியாக உள்ளே இறக்கி, கைப்பிடி மட்டும் வெளியே தெரிய நிற்பார். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

அன்று அவர் விழுங்கியது வாள் அல்ல. உலோகக் குழாய்! நீளம் 47 சென்டிமீட்டர். குறுக்களவு 13 மில்லிமீட்டர். ஏறக்குறைய நம் சுண்டு விரல் பருமன். குழாயின் மேல் முனையில் ஒரு டாக்டர் கண்ணை வைத்துப் பார்த்தார்.

உயிரோடு இருக்கும் ஒரு மனிதனின் இரைப்பைக்குள் கண்ணால் பார்க்க நடந்த முதல் முயற்சி என்று வைத்திய சரித்திரம் இதைத்தான் சொல்கிறது. பார்த்த டாக்டரின் பெயர் அடால்ப் குஸ்மால்.

இன்று தீராத வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்க்கிறார்கள். எண்டாஸ்கோப்பி என்கிறோம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு வழி காட்டிய குஸ்மாலுக்கு அன்று என்ன தெரிந்தது? அநேகமாக ஒன்றும் தெரியவில்லை! ஒரே இருட்டு. அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

கண்ணுக்குள் பார்க்க ஆசை

குஸ்மால் 1822-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி கிராபன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனாரும் டாக்டர்தான். மகன் ஹைடல்பர்க் நகரில் வைத்தியம் படித்தார்.

படிக்கும்போதே அவருக்கு ஒரு விசித்திர ஆசை. மனிதனுடைய கண்ணின் உள்பக்கம் எப்படி இருக்கும்? அதை ஏன் வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை? கண்ணைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 1845-ல் பரிசு கிடைத்தது. கண்ணுக்குள் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவியும் செய்து பார்த்தார். பலிக்கவில்லை. கண்ணுக்குள் வெளிச்சத்தை அனுப்புவது எப்படி என்பது அவருக்குப் புலப்படவில்லை. 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி அந்த வழியைக் கண்டுபிடித்தார். புகழும் அவருக்கே போயிற்று.

வெளிச்சம் குஸ்மாலை ஏமாற்றியது அது முதல் தடவை.

பனியில் விழுந்த இடி

படிப்பு முடிந்ததும் குஸ்மால் பட்டாளத்து டாக்டர் ஆனார். பிறகு காண்டர்ன் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்தார். மலைப்பாங்கான பிரதேசம். குளிர் காலத்தில் பனி மூடிக்கிடக்கும். நோயாளி கூப்பிட்டால் டாக்டர் போகத்தானே வேண்டும்? அப்படி அலைந்து அலைந்து 1853-ல் கடும் நோயில் விழுந்தார். கால்கள் செயல் இழந்தன. கிராமத்து வைத்தியம் அத்தோடு முடிந்தது.

வயதோ முப்பதைத் தாண்டிவிட்டது. மனைவி, குழந்தைகள் இருக்கிறார்கள். வேறு ஒருவராக இருந்தால் மனம் ஒடிந்துபோயிருப்பார். குஸ்மால் உடல் தேறியதும் வூர்ஸ்பர்க் நகருக்குப் போய் மறுபடியும் மாணவர் ஆனார்! அங்கே பிர்கோவ் என்ற பேராசிரியரிடம் படித்து 1855-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இந்த நேரத்தில் அவர் செய்த ஒரு குறும்பையும் சொல்லிவிடலாம். ஒரு கிராமத்து வாத்தியார் எழுதிய அப்பாவித்தனமான கவிதைகள் அவர் கையில் கிடைத்தன. குஸ்மாலும் அவருடைய நண்பர் ஐக்ரோட்டும் அதே பாணியில் கேலிப் பாட்டுக்கள் எழுதி, பீடர்மையர் என்ற கற்பனை ஆளின் பெயரில் பத்திரிகையில் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் அந்த வேடிக்கைப் பெயரே ஒரு காலத்துக்குப் பெயராகிவிட்டது. 1815 முதல் 1848 வரை ஜெர்மனியில் இருந்த வீட்டு அலங்காரம், நாற்காலி, மேஜை பாணிக்கெல்லாம் இன்றும் பீடர்மையர் என்றுதான் பெயர்.

அதன் பிறகு அவர் பேராசிரியர் ஆனார். எர்லாங்கன் நகரில் இருந்தபோது, முகம் பார்க்கும் கண்ணாடி செய்யும் தொழிலாளர்களைப் பாதரச விஷம் எப்படித் தாக்குகிறது என்று ஆராய்ந்து 1861-ல் புத்தகம் எழுதினார். 1863-ல் பிரைபர்க் வந்தார்.

கிராமத்துப் பெண்ணின் வேதனை

1867-ல் அவருடைய ஆஸ்பத்திரியில் ஓர் இளம்பெண் கிடந்தாள். விவசாயக் குடும்பத்துப் பெண். நாம் சாப்பிடும் உணவு இரைப்பையில் அரைபட்டு, அடிப்பக்கத்து வாசல் வழியாகக் குடலுக்குப் போக வேண்டும். அவளுக்கு அந்த வாசல் சுருங்கிவிட்டது. உணவு கீழே இறங்கவில்லை. உள்ளேயே தேங்கிப் புளித்தது. இரைப்பை பை போல் பெருத்துவிட்டது. சாப்பிட்டால் வேதனை; கடைசியில் வாந்தி. உடம்பு எலும்பும் தோலும் ஆயிற்று. மருந்துகள் பலிக்கவில்லை.

இன்றைக்கு ஆபரேஷன் செய்து சரிப்படுத்துவார்கள். அன்று இரைப்பையில் கத்தி வைப்பது என்றால் சாவு என்றுதான் அர்த்தம். (வியன்னா நகரில் பில்ரோத் என்ற டாக்டர் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தது 1881-ல்தான்.)

அவள் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த குஸ்மாலுக்கு ஒரு யோசனை தோன்றியது. விஷம் குடித்தவர்களின் வயிற்றைக் காலி செய்ய ஒரு குழாயும் பம்பும் ஏற்கெனவே இருந்தன. தேங்கிப் புளித்த உணவும் ஒரு விஷந்தானே? வாய் வழியாகக் குழாயை இறக்கினார். உள்ளே கிடந்ததை வெளியே இழுத்தார். இரைப்பையைக் கழுவினார். உடனே அவளுக்கு வேதனை குறைந்தது. அடுத்தடுத்துச் செய்யச் செய்ய உடம்பு தேறத் தொடங்கியது. கத்தி படவில்லை; ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை.

1869-ல் இதைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துப் பல நாட்டு டாக்டர்களும் அந்த முறையைக் கைக்கொண்டார்கள். எனக்குக் கேட்டால், குஸ்மால் செய்த காரியங்களிலேயே பெரியது இதுதான் என்பேன். கத்தி விழுங்குபவரின் கதை அளவுக்கு இது பேசப்படுவதில்லை!

வித்தைக்காரர் கற்றுக்கொடுத்த பாடம்

வயிற்றைக் கழுவியாயிற்று. ஆனால் உள்ளே என்ன கோளாறு? புண்ணா? கட்டியா? தெரியாமலே வைத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பழைய ஆசை மீண்டும் தலை தூக்கியது.

வளையாத குழாயைத் தொண்டை வழியாக விட முடியுமா? முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். வாய் ஒரு திசை, தொண்டை ஒரு திசை. தொண்டையில் ஏதாவது பட்டாலே குமட்டும். ஆனால் கத்தி விழுங்குபவர்கள் தினமும் அதைத்தானே செய்கிறார்கள்? அவர் செய்வதைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. தலையை நன்றாகப் பின்னால் சாய்த்தால் வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடுகின்றன. பழக்கத்தால் குமட்டலை அடக்கிவிடலாம்.

குழாய் தடங்கல் இல்லாமல் உள்ளே போயிற்று. தகராறு செய்தது விளக்குதான். மின்சார பல்பு இல்லாத காலம் அது. பிரான்ஸ் நாட்டு டாக்டர் டெசோர்மோ செய்த விளக்கைப் பயன்படுத்தினார். சாராயமும் கற்பூரத் தைலமும் கலந்து எரியும் விளக்கு. அதன் சுடரைக் கண்ணாடியில் பிரதிபலிக்கச் செய்து குழாய்க்குள் அனுப்ப வேண்டும். அவ்வளவு நீளமான குழாயின் அடி வரை அந்த வெளிச்சம் எட்டவில்லை. இரைப்பையில் ஊறும் நீரும் வந்து மறைத்தது. எவ்வளவு உறிஞ்சினாலும் மறுபடி ஊறியது!

1868 ஜூலையில் பிரைபர்க் விஞ்ஞான சங்கத்தில் இதைச் செய்து காட்டினார். பிறகு அந்த முயற்சியைக் கைவிட்டார். வெளிச்சம் இரண்டாவது தடவையும் கைவிட்டுவிட்டது. குஸ்மால் கண்டது தோல்வி என்று சொல்வோர் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வழி திறந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டதே!

பிற்காலம்

சர்க்கரை நோய் முற்றி மயக்கத்தில் கிடப்பவர்கள் ஆழமாக, பெரிதாக மூச்சு வாங்குவதை 1874-ல் அவர் விவரித்தார். டாக்டர்கள் இன்றும் அதைக் குஸ்மால் மூச்சு என்றே சொல்கிறார்கள். 1876-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குப் பேராசிரியராகப் போனார். அவருடைய மருமகன் செர்னியும் பேர் பெற்ற ஆபரேஷன் டாக்டர். கழுத்துப் பகுதியில் உணவுக்குழாயில் வந்த புற்றுநோயை 1877-ல் வெற்றிகரமாக வெட்டி எடுத்தவர் அவர்.

குஸ்மால் கடைசிக் காலத்தில் ஹைடல்பர்க்குக்கே திரும்பி, தன் இளமைக் கால நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். 1899-ல் அது வெளிவந்தது. 1902 மே 28-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

வெளிச்சம் வந்தது

அவர் காலத்திலேயே, 1881-ல், வியன்னாவில் மிக்குலிச் என்ற டாக்டர் மின்சாரத்தால் ஒளிரும் கம்பியைக் குழாயின் நுனியில் வைத்து இரைப்பைக்குள் பார்த்தார். 1932-ல் ஷிண்ட்லர் என்ற ஜெர்மன் டாக்டர் ஓரளவு வளையும் குழாய் செய்தார். 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானியும், நமது பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளின் கட்டு வழியாக உருவத்தையே அனுப்பலாம் என்று காட்டினார்கள். இழை வளைந்தாலும் ஒளி அதனுள்ளேயே ஓடும். மூன்று ஆண்டுகளில், அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர் அந்த இழைகளால் ஆன குழாயை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகுதான் நோயாளிக்கு விட்டார். கத்தி விழுங்குபவர் இனித் தேவையில்லை!

பார்க்க முடிந்ததும் கை சும்மா இருக்குமா? நெஞ்செரிச்சல் முற்றியவர்களுக்கு, இரைப்பையின் மேல் பகுதியை உணவுக்குழாயின் அடியில் துண்டு சுற்றுவது போல் சுற்றித் தைக்கும் ஆபரேஷனை 1955-ல் நிஸ்ஸன் என்ற டாக்டர் செய்தார். அப்போது வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டியிருந்தது. 1991 முதல் வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போட்டு, குழாய் விளக்கின் வெளிச்சத்தில் அதே ஆபரேஷனைச் செய்கிறார்கள்.

உணவுக்குழாயின் அடிவாசல் திறக்க மறுக்கும் நோய் ஒன்று உண்டு. விழுங்கிய சோறு நெஞ்சிலேயே நிற்கும். 2008-ல் ஜப்பானில் இனூவே என்ற டாக்டர் அந்த நோயாளி ஒருவருக்கு வாய் வழியாகவே குழாயை இறக்கி, இறுகிய தசையை உள்ளிருந்தே அறுத்துவிட்டார். நோயாளியின் நெஞ்சிலோ வயிற்றிலோ ஒரு தையல்கூட இல்லை.