மரப்பந்து வாத்தியார்

பிளஸ் ஒன் படிக்கும்போது தெர்மாகோல் பந்து வாங்கி, பல் குத்தும் குச்சியைச் செருகி, மீத்தேன் மாடல் செய்துகொண்டு போனீங்க தானே? நானும்தான். பஸ் நெரிசலில் ஒரு ஹைட்ரஜன் கழன்று எங்கேயோ போய்விட்டது. வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று ஹைட்ரஜனோடு ஏதோ ஒன்று. மார்க் குறைந்ததைச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பந்து வேலைக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் வயசு. பந்தைக் கையில் எடுத்தவர் நமக்கெல்லாம் நல்லாவே தெரிந்த ஆள், ஜான் டால்டன். வட்டக் கண்ணாடி போட்ட ஒரு படம், பக்கத்தில் அணுக் கொள்கையின் கருத்துகள், ஐந்து மார்க். பாடப்புத்தகத்தில் அவர் கதை அவ்வளவோடு முடிந்துவிடும். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை வாத்தியார் வேலை என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

1766-ல் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஈகிள்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கைத்தறி நெசவாளி. பன்னிரண்டு வயதிலேயே ஊரில் பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். எட்டாவது படிக்கிற பையன் டியூஷன் சென்டர் வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களில் சிலர் வாத்தியாரை விட மூத்தவர்கள். அவர்களை எப்படித்தான் சமாளித்தாரோ!

பதினைந்து வயதில் கெண்டால் என்ற ஊருக்குப் போய், அண்ணனோடு சேர்ந்து பள்ளியில் பாடம் எடுத்தார். அவருக்கு நல்ல ஆசான் கிடைத்தது அங்கேதான். ஜான் கௌ என்பவர், குழந்தையிலேயே அம்மை வந்து கண் பார்வை போனவர். செடிகளைத் தொட்டும் முகர்ந்தும் இன்னதென்று சொல்லிவிடுவார். லத்தீனும் கிரேக்கமும் கணக்கும் டால்டனுக்குச் சொல்லித்தந்தது அவர்தான். தினமும் வானிலையைக் குறித்து வை என்று பழக்கியதும் அவரே. 1787 மார்ச்சில் ஆரம்பித்த அந்த நோட்டை டால்டன் 57 வருஷம் விடவில்லை. நாம் ரெக்கார்ட் நோட்டு எழுதும் லட்சணத்தை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

டால்டன் குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டமெல்லாம் கிடையாது. அதனால் 1793-ல் மான்செஸ்டருக்குப் போய், அப்படிப்பட்டவர்களுக்காகவே இருந்த நியூ காலேஜில் கணக்கும் இயற்பியலும் எடுத்தார். 1800-ல் அதையும் விட்டுவிட்டுத் தனியாக டியூஷன். பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர் இந்தப் புகழ்பெற்ற மனிதரைப் பார்க்க மான்செஸ்டர் வந்தாராம். பெரிய ஆய்வுக்கூடத்தை எதிர்பார்த்து வந்தவர் கண்டது, ஒரு சின்னப் பையனின் பலகை மேல் குனிந்து கணக்குத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மனிதரை. பையன் கணக்கை முடிக்கும் வரை உட்காரச் சொன்னாராம் டால்டன். கதை கொஞ்சம் ஊதிப் பெருத்திருக்கலாம். ஆனாலும் ஆளுக்குப் பொருந்துகிறது.

சரி, பந்து எங்கே வந்தது? 1803 வாக்கில் வாயுக்களின் எடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு வாயு தருகின்றன. இன்றைய கணக்கில் சொன்னால், 12 கிராம் கார்பனோடு ஒன்றில் 16 கிராம் ஆக்சிஜன் சேரும், மற்றதில் 32. சரியாக இரண்டு மடங்கு. நடுவில் 20-லோ 25-லோ நிற்கிற வாயு கிடையாது. ஏன்? பொருள் மாவு மாதிரி இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிப் போடலாம். பந்து மாதிரி இருந்தால்? ஒன்று வைக்கலாம், இரண்டு வைக்கலாம், ஒன்றே கால் வைக்க முடியாது. இந்த இடத்தை நிதானமாக இன்னொரு தடவை படியுங்கள். பரீட்சைக்கு நாம் மனப்பாடம் செய்த மடங்கு விகித விதி இவ்வளவுதான்.

டால்டன் பேச்சில் சூரர் இல்லை. கரகரத்த குரல், மேடையில் செய்துகாட்டும் சோதனைகள் சொதப்பும். அவருக்குக் கை கொடுத்தது படமும் பொருளும்தான். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வட்டம். வெறும் வட்டம் ஆக்சிஜன், நடுவில் புள்ளி வைத்தால் ஹைட்ரஜன், உள்ளே முழுக்கக் கறுப்படித்தால் கார்பன், செங்குத்தாகக் கோடு போட்டால் நைட்ரஜன். கவனித்தீர்களா, வண்ணமே இல்லை. மனிதருக்கு நிறக்குருடு. 1794-லேயே தன் கண்ணைப் பற்றித் தானே கட்டுரை வாசித்தவர்.

1810-ஐ ஒட்டி அந்த வட்டங்கள் கைக்கு வந்தன. செய்துகொடுத்தவர் யார் தெரியுமா? நம்ம ஜாதி, ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர்! பீட்டர் யூவர்ட் என்ற மான்செஸ்டர் நண்பர். டால்டன் கேட்டுக்கொண்டபடி, சுமார் ஓர் அங்குலம் குறுக்களவில், எல்லாம் ஒரே அளவாக மரப்பந்துகள் செய்து தந்தார். ஒரு பந்தில் மட்டும் சம இடைவெளியில் 12 துளைகள். மற்ற பந்துகளில் ஆளுக்கொரு ஊசி. ஒன்றைச் சுற்றி 12 பந்துகளையும் செருகினால் எல்லாம் நடுப்பந்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பதின்மூன்றாவதுக்கு இடம் கிடையாது. மெட்டீரியல் சயின்ஸில் எஃப்.சி.சி.-க்குக் கோ-ஆர்டினேஷன் நம்பர் 12 என்று படிக்கிறோமே, அதே எண்தான். ஓர் அணுவைச் சுற்றி எத்தனை அணு நிற்க முடியும், இரண்டு நின்றால் எந்தப் பக்கம், மூன்று நின்றால் எப்படி என்றெல்லாம் பந்தை வைத்தே யோசித்தார். முப்பது வருஷத்துக்கு மேல் மாணவர்களுக்கு அவற்றை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

பந்து ஏமாற்றவும் செய்தது. ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும் என்று நம்பியதால், இரண்டு தனிமம் சேர்ந்து ஒரே ஒரு பொருள்தான் தெரிந்திருந்தால் அது ஒன்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டார். ஆகவே தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஆக்சிஜனின் எடை 7 என்று போட்டார். இரண்டு பங்கு ஹைட்ரஜன் வாயுவோடு ஒரு பங்கு ஆக்சிஜன் சேர்கிறது என்று பிரான்சில் கே-லுசாக் காட்டியபோதும் மசியவில்லை. பெர்சீலியஸ் கொண்டுவந்த எழுத்துக் குறியீடுகள், அதாவது இன்று நாம் எழுதுகிற முறை, அவருக்குக் கடைசி வரை ஒட்டவில்லை. 1835-ல் மான்செஸ்டர் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷனில் தொழிலாளிகளுக்கு நடத்திய வகுப்பில்கூடத் தன் வட்டங்களை அச்சடித்த தாளைத்தான் கொடுத்தார். பிடிவாதம்தான். ஆனால் வட்டத்தில் அணு எங்கே இருக்கிறது என்று தெரியும், எழுத்தில் தெரியாது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் பாதி அவர் பக்கம்.

அவருடைய கடைசிக்கால மாணவர்களில் சாராய ஆலைக்காரர் ஒருவரின் இரண்டு பையன்கள் உண்டு. அவர்களுக்குக் கணக்கும் ஜியோமெட்ரியும் எடுத்துக்கொண்டிருந்தபோது, 1837-ல் பக்கவாதம் வந்து வகுப்பு நின்றது. அந்த இருவரில் சின்னவன் பெயர் ஜேம்ஸ் ஜூல். ஆமாம், தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் ஒவ்வொரு விடைக்கும் பின்னால் நாம் எழுதுகிற அதே ஜூல்.

1844 ஜூலை 26-ம் தேதியும் நோட்டில் வானிலை பதிவானது. லேசாக மழை. மறுநாள் காலை டால்டன் இல்லை. எளிமையாக வாழ்ந்த மனிதரின் உடலைப் பார்க்க சுமார் 40,000 பேர் வரிசையில் போனார்கள்.

அவருடைய அணுவுக்கு உள்ளே ஒன்றும் கிடையாது, முழுக்கக் கெட்டி. உள்ளே எலக்ட்ரான் இருப்பதைக் கண்ட ஜே.ஜே. தாம்சன் பிறந்ததும் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டு 1911-ல் அணுக்கருவை அறிவித்ததும் மான்செஸ்டரில். ஊருக்கு அணுவோடு ஏதோ விட்ட குறை தொட்ட குறை போலும்.

அதே மான்செஸ்டரில் பிற்பாடு வேதியியல் பேராசிரியராக இருந்த ஹென்றி ராஸ்கோ ஒரு கதை சொல்வார். அணு என்றால் என்ன என்று கேட்டதற்கு ஒரு மாணவன் சொன்ன பதில்: அவை டால்டன் என்பவர் கண்டுபிடித்த உருண்டையான மரத்துண்டுகள். ராஸ்கோ சிரிப்பதற்காகத்தான் சொன்னார். நானாக இருந்தால் அரை மார்க் போட்டிருப்பேன்.