பேர்சிவல் பாதிரியார் சரித்திரச் சுருக்கம்

ஆசிரியத் தொழில் பூண்டோர் நம் சமயப் பெரியோர் சரித்திரங்களை ஓதுதல் கடமை. நம்மோடு மாறுபட்ட சமயத்தராய் நின்றும் அத்தொழிலை நன்கு நடாத்தினோர் சரித்திரத்தை அறிதலும் பயனுடைத்து. ஆதலால் ஊவா மாகாணத்துப் பூனாகலை மலைச்சாரலிலிருந்து எழுதும் நாம், பேதுரு பேர்சிவல் பாதிரியாரது வரலாற்றைச் சைவ வித்தியாசாலை உபாத்தியாயர்களுக்கு எடுத்துரைக்கப் புகுந்தோம். ஆறுமுக நாவலரவர்கள் சரித்திரத்தில் இவர் பெயர் வருதலை யாவரும் அறிவர். அதற்கு அப்பால் இவரை அறிந்தோர் சிலரே.

இவர் 1803ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்தவர். வெஸ்லியன் சபைக் குருவாக 1826இல் இலங்கைக்கு வந்தார். அச்சபையார் யாழ்ப்பாணத்திலே 1816இல் நிறுவிய ஆங்கிலப் பாடசாலையை 1834இல் மத்திய பாடசாலையெனப் பெயரிட்டு விருத்தி செய்தவர் இவரே. தமிழை ஏட்டினின்று கற்றதோடு அமையாது, சனங்களின் வாய்மொழியையும் கருத்தூன்றிக் கேட்டார். அதன் பயனாகப் பழமொழித் திரட்டொன்றை 1842இல் வெளியிட்டார். 1874இல் சென்னையில் வெளிவந்த பதிப்பிலே ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு அடங்கின.

நல்லூர்க் கந்தப்பிள்ளையின் புதல்வராகிய ஆறுமுகம்பிள்ளை இவர் பாடசாலையிலே மாணாக்கராய்ச் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராயினார். பாதிரியார் அவரைத் தமக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் கொண்டு, கிறித்தவ வேதத்தைப் பிழையற்ற தமிழிலே மொழிபெயர்க்கும் வேலையில் அமர்த்தினார். பிள்ளையவர்களோ சைவ ஒழுக்கத்தைச் சிறிதும் நெகிழவிட்டாரல்லர். தம் சமயத்துக்கு உயிர்நூலாகிய ஒன்றைத் திருத்தும் பொறுப்பினை நீறணிந்த இளைஞரிடம் ஒப்புவித்தது, தமிழறிவை அது இருந்த இடத்திலே மதித்த செயலாம். இருவரும் சென்னைக்குச் சென்று அம்மொழிபெயர்ப்பை வித்துவான் மழவை மகாலிங்கையரிடம் காட்ட, அவர் அதன் நடையை மெச்சினார். நூல் 1850இல் அச்சேறியது.

இதற்குள் மாணாக்கர் தம் வழியே சென்றுவிட்டார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, மிஷன் உத்தியோகத்தை விடுத்தார். பாதிரியார் வேதனத்தை உயர்த்துவதாகக் கூறியும் அவரை நிறுத்த இயலவில்லை என்று நாவலர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். வாரந்தோறும் பிரசங்கம் செய்தலும், படிமுறையாகப் பாலபாடங்கள் எழுதுதலும், அச்சியந்திரம் நிறுவுதலும் ஆகிய முறைகளை நாவலரவர்கள் பாதிரிமார் பாற் கண்டு, சைவத்துக்கு அரணாகத் திருப்பியமைத்தனர் என்பது வெளிப்படை.

பேர்சிவல் பாதிரியார் தாய்நாடு மீண்டு, வெஸ்லியன் சபையை நீங்கி, ஆங்கிலிக்கன் சபையிலே குருப்பட்டம் பெற்றார். இந்தியாவைக் குறித்துக் காண்டர்பரி நகரில் நிகழ்த்திய விரிவுரைகளை 1854இல் நூலாக்கினார். அந்நூலிலே நம் சமயத்தைக் குறைகூறும் பகுதிகள் பலவுள. அவற்றை மறைத்துரைத்தல் சரித்திரமாகாது. அவ்வாண்டிலேயே ஆங்கிலிக்கன் சபையார் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளரிடையே மிஷன் வேலையைத் தொடங்கினர். மலைநாட்டிலே கிறித்தவப் பாடசாலைகளில் முதலெழுத்தறிந்த சைவர் பலர். நாமும் மிஷன் பாடசாலையிலே கற்றவரே.

அதன்பின் பாதிரியார் சென்னையிலே தங்கித் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடாத்தினார். மாநிலக் கல்லூரியிலே பேராசிரியராகவும் விளங்கினார். அப்பத்திரிகையை நடாத்துதற்கு யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையை அழைத்துக்கொண்டார். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான அவரும் பின்னர்ச் சைவராகவே நின்று, 1887இல் கலித்தொகையை அச்சிட்டுப் பழந்தமிழைக் காத்தனர். பாதிரியார் 1882இல் ஏற்காட்டிலே காலஞ்சென்றார். அவர் அரிதின் முயன்று வெளியிட்ட வேதமொழிபெயர்ப்பைக் கிறித்தவ சபையார் பெரும்பாலும் கைக்கொண்டிலர். 1871இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரது மொழிபெயர்ப்பே நிலைபெற்றது.

ஆகவே, இவர் தம் சபைக்கு எண்ணிச் செய்தது நிலையாதொழிய, எண்ணாதது சைவத்துக்கும் தமிழுக்கும் பயனாயிற்று. இதனை அவரது தோல்வியென நகைத்தல் நமக்குத் தகாது. கற்பித்தவன் தன் மாணாக்கன் செல்லும் வழியை உடைமையாக்கிக்கொள்ள ஒண்ணாது. கல்வியைக் குறைவற ஈதலே அவன் கையிலுள்ளது. நம் வகுப்பறைகளிலும் பிற சமயப் பிள்ளைகள் வந்து அமர்கின்றனர். நாவலரவர்கள் நீறு மாறாமலே அங்கே கற்றார். அப்பிள்ளைகள் தம் சமயம் மாறாமலே நம்மிடம் கற்றுச் செல்லுதல் வேண்டும். அவர்களுக்குத் தமிழை ஒளியாது கொடுப்போமாயின், பழைய கடனொன்றை நேரிய முறையிலே தீர்த்தவராவோம்.