காணா ஒளியைக் கண்ட அறிஞர்

எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்வோர் அந்நகரில் ஒரே பாறையாய் ஓங்கி நிற்கும் மலைக்கோட்டையைக் கண்டிருப்பர். அது மதுரை நாயக்க மன்னர் காலத்தில் எழுந்த கோட்டை. 1755-ஆம் ஆண்டில் ஐதர் அலி மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்குத் தலைவராய் வந்து, அங்கிருந்தே தம் படைவலிமையைப் பெருக்கிக்கொண்டார். சுற்றிலும் பரந்து கிடக்கும் சமவெளியில் பகைவர் படை எத்திசையில் வரினும், அது கிளப்பும் புழுதியைக் கண்டே உச்சியில் நிற்கும் காவலர் உண்மையை உணர்வர். ஆயினும், நள்ளிரவின் இருளும் மார்கழி மாதத்துப் பனியும் அக்காவலருடைய கண்களை மறைத்துவிடும். கண்ணின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டன்றோ?

அவ்வெல்லையைக் கடந்து காணும் கருவி ஒன்றை மனிதன் 20-ஆம் நூற்றாண்டில் ஆக்கிக்கொண்டான். அதற்கு ரேடார் என்று பெயர். பாறையை நோக்கிக் குரல் கொடுத்தால் எதிரொலி மீண்டு வருதல்போல, ரேடார் வெளியே செலுத்தும் மின்னலைகள் விமானத்தின்மீதோ கப்பலின்மீதோ பட்டு மீளும். மீண்டு வரும் அலையைக் கொண்டு அப்பொருள் இருக்கும் திசையையும் தொலைவையும் அக்கருவி காட்டும். இருளும் பனியும் அதற்குத் தடை ஆகா. ஆனால், மீண்டு வரும் அலை மிக மெல்லியது. அதனை உணர்வதே இப்பணியில் மிக அரிய செயலாகும். கண்ணுக்குப் புலனாகாத அலைகளை உணரும் நுண்கருவிகளை உலகில் முதன்முதல் ஆக்கியோருள் ஒருவர் நம் பாரத நாட்டினர். அவரே ஜகதீச சந்திர போஸ் என்னும் பேரறிஞர்.

இவர் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங் நகரில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகைய பதவியினர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கம். பகவான் சந்திரரோ, தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்த பின்னரே பிறமொழி கற்றல் வேண்டும் என்னும் கொள்கை உடையவர். ஆதலால், தம் மைந்தரை வங்காளப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே ஜகதீசருக்கு ஒருபுறம் தம் தந்தையாரின் முஸ்லிம் ஏவலாளர் மகனும், மறுபுறம் மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் ஆகியவற்றைப் பற்றி அத்தோழர் கூறிய செய்திகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தை இவர் உள்ளத்தில் விதைத்தன. பள்ளி விட்டு உடன்வரும் அத்தோழர்க்கும் தம் மகனுக்கும் அன்னையார் வேற்றுமையின்றி உணவளிப்பார்.

பின்னர் ஜகதீசர் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியில் பயின்றார். அங்கே பௌதிகம் கற்பித்த லாபான் பாதிரியார், நூலறிவோடு சோதனை செய்து காணும் பழக்கத்தையும் ஊட்டினார். 1880-இல் மருத்துவம் கற்கக் கருதி ஜகதீசர் இலண்டன் சென்றார். கொடிய காய்ச்சல் அவரை வருத்தியமையால் அக்கல்வியைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கே ராலே பிரபு இவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். நோய் ஒரு வாயிலை அடைத்தது. அறிவு மற்றொரு வாயிலைத் திறந்தது.

1885-இல் தாயகம் மீண்டு, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராய் அமர்ந்தார். அந்நாளில் ஆங்கிலேயர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியர்க்கு வழங்கப்பட்டது. இவருடைய பதவி தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே தர முன்வந்தனர். ஒரே பணிக்கு இரு வேறு ஊதியம் அளித்தல் அறமன்று என்று கருதிய போஸ், ஊதியத்தைத் தொட மறுத்தார். ஆனால், பணியைக் கைவிட்டாரல்லர். மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாமல், குறையாத ஊக்கத்தோடு பாடம் நடத்தினார். அக்காலத்தில் தந்தையார் பெருங்கடனில் ஆழ்ந்திருந்தார். 1887-இல் இவர் மணந்த அபலா அம்மையார், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். வறுமையிலும் கணவரின் உறுதிக்குத் துணைநின்றார். இறுதியில் அரசாங்கம் இவர்தம் தகுதியை உணர்ந்து, முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு ஒருங்கே வழங்கியது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

1888-இல் ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹெர்ட்ஸ், ஒளியைப் போலவே வெளியில் பரவும் மின்னலைகள் உண்டென்பதைச் சோதனையால் மெய்ப்பித்திருந்தார். 1894-இல் தம் 36-ஆம் பிறந்தநாளன்று, இனி வாழ்நாள் முழுவதையும் ஆராய்ச்சிக்கே அளிப்பதென்று போஸ் உறுதி பூண்டார். கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சி அறையோ 24 சதுர அடிப் பரப்பே உடையது! தகர வேலை செய்யும் தொழிலாளர் ஒருவரைத் தாமே பயிற்றி, வேண்டிய கருவிகளை அங்கேயே செய்துகொண்டார்.

ஹெர்ட்ஸ் ஆராய்ந்த அலைகள் நீளமானவை; அவற்றை ஆராயப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. போஸ் அலையின் நீளத்தை 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினார். அதனால் அவருடைய கருவிகள் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கின. எளிய பொருள்களையும் அவர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே உலோகத் தாள்களைச் செருகி, அலையின் அதிர்வுத் திசையை ஆராயும் கருவியாக்கினார். வங்காளத்தில் விளையும் சணலை முறுக்கி வைத்து, அவ்வதிர்வுத் திசை திரும்புவதைக் காட்டினார்.

1895-இல் கல்கத்தாவில் அறிஞர் பலர் கூடிய அவையில், ஓர் அறையிலிருந்து போஸ் செலுத்திய அலைகள் இடையே நின்ற சுவர்களை ஊடுருவி, 75 அடி தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன. கம்பி ஏதுமின்றி இது நிகழ்ந்தமை கண்டு அவையோர் வியந்தனர். 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் கழகத்தில் தம் கருவிகளை விளக்கியபோது மேனாட்டு அறிஞரும் இவரைப் பாராட்டினர்.

அலையை உணரும் கருவியைத் திருத்துவதில் போஸ் பெரிதும் உழைத்தார். இரும்பும் பாதரசமும் கொண்ட உணர்கருவி ஒன்றை 1899-இல் விளக்கி வெளியிட்டார். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவந்த செய்தியை ஏற்கப் பயன்படுத்திய கருவி, இதன் வழிவந்ததே என்பதை ஆராய்ச்சியாளர் 1998-இல் எடுத்துக்காட்டினர். இதனினும் சிறந்தது மற்றொன்று. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கனிமத்தின்மீது உலோக முனை ஒன்றைத் தொடவைத்தார் போஸ். அது மின்னலைகளை மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் உணர்ந்தது. ஆதலின், அதனைச் செயற்கை விழித்திரை என்றே அவர் கருதினார். குறைகடத்திப் பொருளால் ஆன உணர்கருவிகளின் மூதாதை அதுவே.

இங்குத்தான் அவருடைய வாழ்க்கையில் பெரியதொரு சோதனை நேர்ந்தது. 1901-ஆம் ஆண்டு மே மாதத்தில், இலண்டனில் சொற்பொழிவு ஆற்றச் சென்றிருந்தபோது, தந்தி நிறுவனம் ஒன்றை நடத்திய பெருஞ்செல்வர் அவரை அணுகினார். சொற்பொழிவில் கருவியின் நுட்பத்தை வெளியிடாதிருக்குமாறும், தம்மிடம் கொடுத்தால் காப்புரிமை பெற்று ஊதியத்தில் பங்கு தருவதாகவும் வேண்டினார். போஸ் அதற்கு இணங்கவில்லை. அறிவை விற்பனைப் பொருளாக்கத் தொடங்கினால் ஆசை தம்மை விடாது பற்றிக்கொள்ளும் என்று அஞ்சினார். அன்று அவையில் எல்லாவற்றையும் ஒளிவின்றி எடுத்துரைத்தார். நண்பரின் வற்புறுத்தலால் கலீனாக் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பம் செய்யப்பட்டு 1904-இல் அது கிட்டியபோதிலும், அதனால் பொருளீட்ட அவர் முயலவில்லை. அவ்வுரிமையைக் காலாவதியாக விட்டுவிட்டார்.

பின்னர் அவருடைய கருத்து உயிர்களின்பால் சென்றது. நம் ஊர்ப்புறத்து ஈரநிலங்களில் வளரும் தொட்டாற்சிணுங்கி, தொட்டவுடன் இலையைக் கூப்புவதை நாம் விளையாட்டாகக் காண்கிறோம். போஸ் அதனை உற்று நோக்கிச் செடிகளின் உணர்ச்சியை அளக்கும் கருவிகளை ஆக்கினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் அவற்றுள் புகழ் பெற்றது. தொடக்கத்தில் மேனாட்டு உடலியல் அறிஞர் சிலர் இம்முடிவுகளை ஏற்க மறுத்தனர். அவர் மனம் தளராமல் சோதனைகளைத் தொடர்ந்தார். 1920-இல் இலண்டன் ராயல் சங்கம் இவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல், தம் பிறந்தநாளன்று, போஸ் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். அங்குக் கண்டறியப்படுவன யாவும் உலகிற்குப் பொது என்றும், அவற்றிற்குக் காப்புரிமை பெறுதல் கூடாது என்றும் அன்று அறிவித்தார். 1937-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் அப்பெரியாருடைய உயிர் பிரிந்தது.

அவர் விதைத்தவை அவர் மறைவிற்குப் பின்னரே பெரிதும் பயன் தந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நுண்ணலை ரேடார்களில் மீண்டு வரும் அலையை உணரச் சிலிக்கன் துண்டின்மீது உலோக முனை தொடும் அமைப்பையே கையாண்டனர். போஸ் கலீனாவைக் கொண்டு காட்டிய முறையை ஒத்தது அது. டிரான்சிஸ்டரைக் கண்டோருள் ஒருவராகிய பிராட்டைன், படிகத்தை உணர்கருவியாய்ப் பயன்படுத்தியதில் முதலிடம் போசுக்கே உரியது என்று 1955-இல் எழுதினார். போஸ் ஆராய்ந்த மில்லிமீட்டர் அலைகள் இன்று ஏவுகணைகளின் குறிநோக்கும் கருவிகளிலும், மோதலைத் தவிர்க்கக் கார்களில் பொருத்தும் சிறு ரேடார்களிலும் பயன்படுகின்றன. விடுதலைக்குப் பின், 1954-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் நம் படைகளுக்கு ரேடார்களைச் செய்து அளித்துவருகிறது.

போஸ் தம் கருவிகளுக்கு உரிமை கோரியிருந்தால் செல்வமும் புகழும் பெருகியிருக்கும் என்று இன்றும் சிலர் இரங்குவர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. கம்பியில்லாத் தந்தியால் வந்த செல்வம் பிறரைச் சேர்ந்தது. போசின் பெயரோ நெடுங்காலம் மறைந்து கிடந்தது. மில்லிமீட்டர் அலைகளில் அவர் செய்த சோதனைகளை உலக மின்பொறியாளர் சங்கம் சிறப்பித்தது 2012-ஆம் ஆண்டிலேதான். ஆயினும், போஸ் பணத்தின் அருமை அறியாதவர் அல்லர். மூன்றாண்டு ஊதியமின்றி வாழ்ந்தவர். கடன்பட்ட தந்தையின் துயரத்தைக் கண்டவர். அறியாமையால் இழந்தாரல்லர், அறிந்தே துறந்தார். உரிய ஊதியம் மறுக்கப்பட்டபோது வணங்காது நின்றவரும் அவரே; பெருஞ்செல்வம் வலிய வந்தபோது வேண்டாவென்று விலக்கியவரும் அவரே. முன்னதில் நாட்டின் மானத்தைக் காத்தார். பின்னதில் அறிவின் தூய்மையைக் காத்தார்.

இளைஞர்கள் போசின் கருவிகளை மட்டுமன்றி அவர்தம் உள்ளத்தையும் அறிதல் வேண்டும். சிறிய அறையும் தகரத் துண்டும் சணல் கயிறும் அவருக்குப் போதுமாயிருந்தன. சிற்றூரில் பிறந்தோம், வசதி இல்லை என்று நம்முள் எவரும் சோர்வுறத் தேவையில்லை. உற்று நோக்கும் கண்ணும், ஓயாத உழைப்பும், நேர்மையான நெஞ்சும் உடையவர்க்குக் காணாத பொருளும் ஒருநாள் காட்சி தரும்.