சுரங்கத்திலிருந்து வந்த சுகாதார மந்திரி

பிரிட்டனில் நோயாளி ஒருவர் குடும்ப டாக்டரைப் பார்க்கப் போகும்போது, சட்டைப் பையில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதற்கு வழி செய்தவர், 13 வயதிலேயே படிப்பை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய ஒரு தொழிலாளி. அவர் பெயர் அனைரின் பெவன்.

1897-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி வேல்ஸ் பகுதியில் டிரெடிகர் என்ற ஊரில் பெவன் பிறந்தார். தகப்பனாரும் சுரங்கத் தொழிலாளியே. சிறு வயதில் பெவனுக்குத் திக்குவாய். மேடை ஏறிப் பேசிப் பேசியே அதை வென்றார். 1925-ல் தகப்பனார், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு, மகனின் கைகளிலேயே உயிர் நீத்தார்.

1911-ல் வந்த அரசாங்க இன்சூரன்ஸ், வேலை செய்பவருக்கு மட்டுமே டாக்டரைத் தந்தது. மனைவி மக்களுக்கு இல்லை. ஆனால் டிரெடிகரில் தொழிலாளர்களே ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். நமது ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போல, கூலியில் ஒரு சிறு தொகை சந்தாவாகப் பிடிக்கப்பட்டது. குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் கிடைத்தது. ஊர் மருத்துவமனையின் நிர்வாகக் கமிட்டியில் பெவனும் பணியாற்றினார்.

1929-ல் பாராளுமன்றம் சென்ற அவர், 1945-ல் அட்லி மந்திரிசபையில் சுகாதார மந்திரியானார். தம் ஊரில் நடந்ததை நாடு முழுவதற்கும் செய்ய முனைந்தார். 1946-ல் சட்டம் நிறைவேறியது. செலவை வரிப் பணம் ஏற்கும், மருத்துவமனைகள் அரசுடைமையாகும்.

டாக்டர்கள் எதிர்த்தார்கள். அரசாங்கச் சம்பளக்காரர்களாகி விடுவோம் என்று அஞ்சினார்கள். 1948 பிப்ரவரியில் அவர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் எதிராக வாக்களித்தனர். பெவன் சற்று இறங்கி வந்தார். குடும்ப டாக்டர்களைச் சம்பளக்காரர்களாக்க மாட்டோம் என உறுதி தந்தார். நிபுணர்கள் தனியாகக் கட்டணம் வாங்கி வைத்தியம் செய்யவும் இடம் கொடுத்தார். ஆனால் நோயாளிக்கு இலவசம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1948 ஜூலை 5-ந் தேதி திட்டம் அமலுக்கு வந்தது.

1951-ல் கொரியப் போர் காரணமாக ராணுவச் செலவு ஏறியது. மூக்குக் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் கட்டணம் வாங்க அவர் கட்சி அரசாங்கமே முடிவு செய்தது. பெவன் மந்திரி பதவியை ராஜிநாமா செய்தார்.

1960 ஜூலை 6-ந் தேதி, 62-வது வயதில் புற்றுநோயால் காலமானார். கட்டணங்கள் பின்னர் வந்தன, மாறின. 2007-ல் அவர் பிறந்த வேல்ஸ், மருந்துச் சீட்டுக் கட்டணத்தை அடியோடு ரத்து செய்தது.